கைப்பிடியை விடப் பழகுதல்

மார்ச் 3, ஞாயிறு

காலை ஏழரைக்குக் கடற்கரை. காற்றின் வேகம் பதினாறு நாட். விண்ட்சர்ஃபிங் பலகையில் ஏறி நின்றது மொத்தம் பத்து நிமிடம். அதற்குள் பாய்மரப் பாய் மூன்று முறை தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது முறை தூக்கி நிறுத்தும்போது இடுப்பில் சுளீர் என்றது. கரைக்கு வந்து மணலில் மல்லாந்து கிடந்தேன்.

சகலை தன் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "போதும் சகலை. நனைஞ்ச பாயைத் தூக்குற வயசெல்லாம் போயிடுச்சு. கைட்டுக்கு மாறிடலாம்."

பதினாறு வருடம் முன்பு, என் மச்சினியைக் கட்டிக்கொண்ட புதிதில், பல் பிடுங்குகிற கை பாய் பிடிக்குமா என்று நான் கேலி செய்யப்போய்த்தான் இவர் கடலில் இறங்கினார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை விண்ட்சர்ஃபிங்கைத் தவறவிட்டதில்லை. இப்போது என்னை மாறச் சொல்கிறார்.

"மாறி? ஆகாசத்துல தொங்கணுமா?"

"தொங்க வேணாம். மேல பட்டம் இழுக்கும். நீங்க பலகைல சும்மா நின்னா போதும்."

"சும்மா நிக்கறதுக்கு எனக்கு ஆபீஸ்லயே இடம் இருக்கு."

சிரித்தார். ஆனால் விடவில்லை. வீடு வரும்வரை அதே பேச்சு.

மார்ச் 9, சனி

மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தியாறு வயசு. பட்டம் விடப் போறீங்களாக்கும்" என்றாள். அவ்வளவுதான். பெரிய எதிர்ப்பு இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

முதல் வகுப்பு. பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். கழுத்தில் விசில். பத்து நிமிடத்திலேயே சகலை அவருக்கு "விசில் மேடம்" என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் கேள்வி எங்களுக்குத்தான். "காத்து திடீர்னு கூடுனா என்ன பண்ணுவீங்க?"

"இழுத்துப் புடிச்சு, உடம்பைப் பின்னால சாய்ப்போம்" என்றார் சகலை, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையன் போல.

"இதுல அதைச் செஞ்சா நேரா ஆஸ்பத்திரிதான்."

விஷயம் இதுதான். விண்ட்சர்ஃபிங்கில் பாயைக் கையால் பிடித்திருக்கிறோம். விட்டால் பாய் விழும். விழுந்தால் மறுபடி தூக்க வேண்டும். அதனால் காற்று எவ்வளவு அடித்தாலும் விடக் கூடாது. கைட் அப்படி இல்லை. அது இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கிறது. கையில் இருப்பது ஒரு கைப்பிடிக் கம்பு. அதை நம் பக்கம் இழுத்தால் கைட்டின் இழுவை கூடும். விட்டால் கம்பு மேலே நழுவிப் போகும், கைட் தளர்ந்துவிடும். அதாவது, பயந்தால் விட வேண்டும்.

பதினாறு வருடமாக நாங்கள் கடலில் ஒருவருக்கொருவர் கத்துவது ஒரே ஒரு வார்த்தை. விடாதீங்க.

கை தப்பாக இழுக்கும் ஒவ்வொரு முறையும் விசில். எனக்குப் பதினொன்று, சகலைக்குப் பதினாலு. "என் கிளினிக்ல வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கவன்கூட என்னைப் பாத்து விசில் அடிச்சதில்லை" என்றார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தண்ணீரில் முதல் ஓட்டம். நாற்பது மீட்டர் இருக்கும். இடுப்பு வலிக்கவில்லை. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

வகுப்பு முடிந்தது. இனி நாங்களே போகலாம். ஒருவர் கைட்டை ஏற்றிவிட இன்னொருவர் வேண்டும். தனியாகப் போகக் கூடாது. கருமேகம் தெரிந்தால் ஏற்றவே கூடாது.

சகலைக்குக் கை முழுக்க மாறிவிட்டது. காற்று தூக்கும்போது விரல் தானாக விரிகிறது. பல் டாக்டர் கை, சொன்ன பேச்சு கேட்கிறது. இன்று அவர் ஓடும்போது ஒரு காற்று அடித்தது. கரையில் நின்றிருந்த நான் என்னையறியாமல் "விடாதீங்க!" என்று கத்திவிட்டேன். விசில் மேடம் என் பக்கம் திரும்பி முறைத்தார்.

"அவருக்குக் கை மாறிடுச்சு சார். உங்களுக்கு இன்னும் வாய் மாறலை."

சகலை வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மே 19, ஞாயிறு

சகலைக்கு அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். உயிருக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

மே 20, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காலை எட்டு பத்துக்கு அவர் கைட்டை நான் ஏற்றிவிட்டேன். தென்மேற்கில் மேகம் இருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். "அது வர்றதுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்" என்றார். நான் சரி என்றேன். விசில் மேடம் அந்தக் கோடியில், இருநூறு அடி தள்ளி, வேறு இருவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

சகலை இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை. ஈர மணலில் நின்றிருந்தார், கைட் நேர் மேலே. நான் இருபது அடி தூரத்தில். மேகத்தின் முன்காற்று வந்தது. அவர் குதிகால் மணலைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. உடம்பு மேலே எழும்பியது.

அவர் விட்டார். இதைத் தெளிவாகப் பார்த்தேன். இரண்டு கையும் விரிந்தது. கம்பு மேலே நழுவத் தொடங்கியது.

நான் கத்தினேன். "விடாதீங்க சகலை! இழுத்துப் புடிங்க!"

அவர் எட்டிப் பிடித்து இழுத்தார். கைட் அவரை ஆளுயரம் தூக்கியது. படகு இறக்கும் சிமென்ட் சரிவின் விளிம்பில் வலது தோளும் கழுத்தும் மோதின. ஓடி வந்து அவர் இடுப்புப் பட்டையிலிருந்த அவசரச் சிவப்புப் பிடியை அழுத்திக் கைட்டைக் கழற்றிவிட்டது விசில் மேடம்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஏன் கத்தினேன்? யாரும் கேட்கவில்லையே, யார் கத்தச் சொன்னார்கள்?

மே 22, புதன்

மச்சினி ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் இருந்தாள். அழுது முடித்த முகம். "நீங்க அங்கதானே இருந்தீங்க அத்தான். ஒண்ணும் சொல்லலையா?"

"விடச் சொல்லித்தான்மா கத்துனேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்ப எடுக்க ஒரு நொடி இருந்தது. எடுக்கவில்லை.

மே 23, வியாழன்

வகுப்பு நடத்திய கைட் மன்றத்தின் விபத்துப் படிவம். அதில் 'உடனிருந்தவர் செய்தது' என்று ஒரு கட்டம். அதே பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருடம் செய்தி எழுதியவன் கை, தடுமாறவே இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

நரம்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வலது கைக்குப் போகிற நரம்புகள் கழுத்தில் வேரோடு பிய்ந்திருக்கின்றன. "ஆபரேஷன் பண்ணா முழங்கை ஒரு வருஷத்துல கொஞ்சம் மடங்கலாம். விரல் எதிர்பாக்காதீங்க."

சகலை ஒரு கேள்விதான் கேட்டார். "ஊசி புடிக்கிற அளவுக்கு?"

டாக்டர் படத்தைக் கழற்றினார்.

ஜூன் 9, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்னறையில் கட்டில். வலது கை ஒரு தலையணை மேல், அவருடையது அல்லாத ஒரு பொருள் போல.

அவருக்கு மேகத்தைப் பார்த்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஆஸ்பத்திரி விளக்கு. நடுவில் ஒன்றுமில்லை. "நீங்க விடச் சொல்லிக் கத்துனீங்களாமே. அவ சொன்னா."

தலையாட்டினேன்.

"எனக்குக் காதுலயே விழலையே சகலை. எப்படி விழாமப் போச்சு?"

ஜூன் 22, சனி

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறேன். எப்போது போனாலும் பேச்சு அதில்தான் வந்து நிற்கிறது. "அந்தப் பொண்ணு அஞ்சு வாரம் விசில் அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தா. பக்கத்துல நின்னு நீங்களும் கத்தியிருக்கீங்க. அப்பவும் விடலைன்னா நான் எவ்வளவு பெரிய மடையன்?"

இன்று நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

கைப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணைச் சகலை திருப்பி அனுப்பிவிட்டார், மூன்றாவது முறையாக. மூட்டு இறுகிவிட்டால் ஆபரேஷனே வீண். மச்சினி பொறுத்துப் பார்த்து, என் எதிரிலேயே வெடித்துவிட்டாள்.

"அன்னைக்கு அத்தான் தொண்டை கிழியக் கத்துனாரே, கேட்டீங்களா? இன்னைக்கு நான் கத்துறேன், கேக்கறீங்களா? யார் சொன்னாத்தான் கேப்பீங்க?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மச்சினி என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க அத்தான், உங்க எதிர்ல..." என்றாள். என்னிடம் மன்னிப்பு!

ஜூலை 12, வெள்ளி

எழுத எதுவும் இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

கிளினிக்கை அவருடைய உதவி டாக்டர் எடுத்துக்கொண்டார். பெயர்ப்பலகையை இறக்க நானும் போயிருந்தேன். நாலு திருகு. இரண்டு துருப்பிடித்திருந்தன. பலகையைக் காரின் பின்சீட்டில், பெயர் கீழே பார்க்கிற மாதிரி வைத்துக் கொண்டுவந்தேன். எங்கே வைக்க என்று கேட்டதற்குச் சகலை, "உங்க பலகையோட சேத்து வெச்சுக்குங்க. ரெண்டும் இனி ஓடாது" என்றார். மே மாதத்துக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மச்சினி இப்போதெல்லாம் வீட்டிலிருக்கிற மாத்திரைகளை முழுக்கத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாளாம். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் குளிக்கவே போகிறாளாம். போன வாரம் சகலை அவளிடம் கேட்டிருக்கிறார், ஒரு நேரத்தில் எத்தனை போட்டுக்கொள்ளலாம் என்று. ஒரு டாக்டர், அது தெரியாதவர் போல.

மனைவியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கை விரிந்ததை, நான் கத்தியதை, பெஞ்சில் சொன்னதை.

"தெரிஞ்சுதான் இத்தனை நாளும் போயி அவர் பக்கத்துல உக்காந்தீங்களா?"

"ஆமா."

"எம் தங்கச்சி இனி என் மூஞ்சிலயும் முழிக்க மாட்டா." செருப்பைக் கழற்றினாள். "பரவாயில்லை. போய்ச் சொல்லுங்க. அவர் விட்டாருங்கறதை அவர்கிட்டச் சொல்லுங்க."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை பத்து மணி. மச்சினியையும் இருக்கச் சொன்னேன். வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"சகலை, அன்னைக்கு நீங்க விட்டீங்க" என்றேன்.

புரியாமல் பார்த்தார்.

"காத்து தூக்குனதும் ரெண்டு கையையும் விட்டுட்டீங்க. சரியாத்தான் பண்ணீங்க. நான்தான் விடாதீங்க, இழுத்துப் புடிங்கன்னு கத்துனேன். என் பேச்சைக் கேட்டு மறுபடி புடிச்சீங்க. உங்க தப்பு ஒண்ணுமே இல்லை."

"நான் விட்டேனா?"

"விட்டீங்க."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, வேர்த்திருந்தது. "நீங்க என்ன கத்துனீங்க? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். மச்சினி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டரை மாசம்" என்றார். "இந்த நாற்காலில உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்க. நான் என்னையே மடையன் மடையன்னு சொல்லச் சொல்ல, கேட்டுக்கிட்டே உரிச்சீங்க."

"சகலை—"

"அப்படிக் கூப்பிடாதீங்க. எந்திரிங்க."

எழுந்தேன். மச்சினி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மன்றத்துக்குப் போய்ப் படிவத்தைத் திருத்தச் சொன்னேன். விசில் மேடம் அதைத் தேடி எடுத்து, நான் எழுதிய வரியை நானே அடிக்கும்படி பேனாவை நீட்டினார். புதிதாக எழுதினேன். படித்துப் பார்த்தார்.

"அவர் கையை விட்டாரா?" என்று கேட்டார்.

"விட்டார்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. தான் சொல்லிக்கொடுத்தது வீணாகவில்லை என்ற நினைப்போ, அல்லது வேறு ஏதோ. என் முன்னால் அழ விருப்பமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மச்சினி போன் செய்தாள். இரண்டே வாக்கியம். "அக்கா வரட்டும். நீங்க வராதீங்க." அத்தான் என்ற சொல் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

என் கை என்னவோ நன்றாக இருக்கிறது. இரண்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

கைப் பயிற்சிப் பெண் வாரம் ஐந்து நாள் வருகிறாளாம். அவரே நேரம் தவறாமல் உட்கார்ந்துவிடுகிறாராம். ஆபரேஷனுக்குத் தேதி கேட்டிருக்கிறார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். என்னிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னது போல இருந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீட்டில்தான் இருந்தேன். ஜன்னல் திரை அடித்த அடியில் காற்று இருபது நாட் இருக்கும் என்று தோன்றியது. கதவைச் சாத்தினேன்.

மதியம் மனைவி தங்கை வீட்டிலிருந்து வந்தாள். மாத்திரைகளெல்லாம் மறுபடி முன்னறை மேஜை மேலேயே இருக்கின்றனவாம். அலமாரிச் சாவி கதவிலேயே தொங்குகிறதாம். பல் மருத்துவக் கல்லூரியில் வாரம் மூன்று நாள் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகப் போகிறாராம்.

தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னைக்குச் சிரிச்சார்" என்றாள்.

"எதுக்கு?"

"உங்களைத் திட்டும்போதுதான். ஒரு மணி நேரம் திட்டினார். நல்லா, வாய் நெறைய. நடுவுல அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. தங்கச்சிகூடச் சிரிச்சா."

"நீ?"

"நானுந்தான்" என்றாள்.

சாப்பிடலாமா என்று கேட்டேன். இலேசாகப் பசித்தது.