சலீமின் வரைபடத்தில் அசையாத மேடு

அன்பு மாமு சலீம்,

நீ இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த நாலு மாதமும் உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நம் படிகம்தான் காரணம். கடும் குளிரில் அதன் அணுக்காந்தங்கள் வடக்கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் உள்ளே மின்முனைவை, அதாவது ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டத்தை, உண்டாக்குகிறது என்று அடித்துச் சொன்னாய். சூடாக்கினால், முறுக்கு அவிழ்கிற அதே வெப்பநிலையில் மின்னோட்டக் கோடு ஒரு மேடு காட்டும். வேகமாகச் சூடாக்கினாலும் மெதுவாகச் சூடாக்கினாலும் மேடு நகரக்கூடாது. நகர்ந்தால் அது எங்கோ ஒட்டிக்கிடந்த மின்னூட்டத்தின் கசிவு. உன் வரைபடத்தில் அது அசையவே இல்லை.

எனக்கு அசைந்தது. நம் ஆய்வுக் கட்டுரையை அனுப்புமுன் சரிபார்க்கலாமே என்று அதே படிகத்தில் வெள்ளிப்பசையால் புதிதாகக் கம்பி ஒட்டி மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் நகர்ந்தது. உனக்கு மட்டும் எப்படி நின்றது? அந்தக் கோட்டை நீயே கையால் வரைந்துவிட்டாயா? உன் நோட்டில் அடித்துத் திருத்திய எண் ஒன்றுகூட இல்லை, அதுவும் சந்தேகமாகவே பட்டது. பேராசிரியரிடம் போய், "சலீம் டேட்டாவ நம்ப முடியல சார், கட்டுரையிலேருந்து அவன் பேர எடுத்துடலாம்" என்று சொல்லியும்விட்டேன்.

போன வாரம் வண்ணாரப்பேட்டையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்க அல்ல, துருவத்தான். உங்கம்மா டீ கொடுத்தார். "இன்னாப்பா செல்வம், எம்புள்ள கண்டுபுடிச்சது புக்குல வருமா?" என்று கேட்டார். நான் பேச்சைப் படிகத்துக்குத் திருப்பினேன்.

"அந்தக் கல்ல வூட்டாண்ட எடுத்தாந்து கம்பி ஒட்டுவானே, பசைய எங்க காய வெப்பான்?" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டேன்.

"அரிசி டிரம்முலதான் பொதச்சு வெப்பான். கடக்காத்து ஈரம் பட்டா பேஜாராயிடும்மான்னு சொல்லிகினே இருப்பான். அரிசியில கம்பி கீதான்னு பாத்துட்டுதான் நான் ஒலையே வெப்பேன்."

ஆய்வகத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவதால் ஒட்டுகிற வேலையை நாம் இருவரும் வீட்டில்தானே செய்வோம். நான் எங்கே காயவைத்தேன் தெரியுமா? காசிமேட்டில் எங்கள் மொட்டை மாடியில், கருவாட்டுக்குப் பக்கத்தில். படிகத்தின்மேல் உப்பு ஈரம் படிந்துவிட்டது. அதில் ஒட்டிய மின்னூட்டத்தைத்தான் மூன்று தடவையும் அளந்திருக்கிறேன்.

ஸ்பிரிட்டால் துடைத்து, கம்பியை மறுபடி ஒட்டி, உங்கம்மாவின் டிரம்மிலேயே இரண்டு நாள் புதைத்து வைத்தேன். நேற்று அளந்தேன். வேகமாகச் சூடாக்கினாலும் மெதுவாகச் சூடாக்கினாலும் மேடு நீ குறித்த இடத்திலேயே நின்றது, மாமு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சந்தேகம் இன்னும் போகவில்லை, ஆனால் இப்போது என்மேல். நீ உயிரோடு இருந்திருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பேன். செத்தவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்ற தைரியத்தில்தான் அன்று பேராசிரியரிடம் அப்படிச் சொன்னேனா?

நாளைக் காலை ஆய்வகத்தில் எல்லோரும் இருக்கும்போது என் தப்பைச் சொல்கிறேன். கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது. அதை உங்கம்மாவுக்கு நானே படித்துக் காட்டுவேன், உன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொல்வேன்.

உன் மச்சான்,
காசிமேட்டுச் செல்வம்