விற்க வந்தவர் கையில் தராசு

ஜாம்நகர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழுப்பாமல் எழுது.

நேற்று கேண்டீனில் சடையன் என்ற வெல்டர் எந்த ஊர் என்று கேட்டார். அவர் நம் ஊர்ப் பக்கத்து வெள்ளிமலைக்காரர். தியாகதுருகம் புளி மண்டி என்றதும் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மண்டி அய்யா புள்ளயா நீ? எங்கப்பன் புளி கொண்டாந்தா தராச அவரு கையிலயே குடுத்துருவாரு உங்கப்பா. 'நீயே நிறுத்துச் சொல்லு, உங்க மலைச்சாமி கரியராமர் பாத்துக்கினு இருக்காரு'ம்பாரு. மறு எடை போட்டதே இல்ல. மத்தியானமானா எங்கப்பனயும் கூட்டிக்கினு வூட்டுக்குச் சாப்புடப் போயிருவாரு."

தராசுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. எந்த எடையையும் திரும்பப் பார்க்காமல் நான் நம்பியதில்லை. அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வாய்ச்சொல்லை நம்பியே வியாபாரம் செய்து, நம்மையும் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு அந்தத் துணிச்சல் வராது. நினைக்க நினைக்க பிரமிப்பாக இருக்கிறது.

அறையில் நான் மட்டும்தான். சட்டம் போட்ட அப்பா படம் ஒன்று அனுப்பு, சுவர் வெறுமையாக இருக்கிறது. பருப்புப் பொடியும் வை.

அப்பா இல்லாத மண்டியில் இனி நாமே எடை போடவேண்டும் என்று மாமா சொன்னதாக எழுதி, எந்த மின் தராசு நல்லது என்று கேட்டிருந்தாய். நானே வாங்கி அனுப்புகிறேன். எண் தெரிகிற பக்கத்தை விற்க வருபவர் பக்கம் திருப்பி வை. எடையை அவர் சொல்லட்டும். மாமா கத்தினால் என்னிடம் பேசச் சொல்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் மகன்,
சுபாஷ்