கீழ்வீட்டு மேப்பிள் பாணி

அக்கா,

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற மேப்பிள் மரத்தைத் தறித்துவிட்டார்கள். காலையில் வேலைக்கு இறங்கும்போது வாள்மெசின் சத்தம் கேட்டது. பின்னேரம் திரும்பி வந்தபோது அடிக்கட்டை மட்டும் நின்றது. வேர் போய் நடைபாதையைக் கிளப்புகிறதாம், முன்கதவில் கடிதம் ஒட்டியிருந்தார்களாம், நான்தான் வாசிக்கவில்லை. மார்ச் மாதத்தில் மேப்பிளை வெட்டினால் என்ன நடக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை போலும். கட்டையிலிருந்து நீர் கசிந்து சுற்றியிருந்த பனி ஊறிப் போயிருந்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். மரக்கறிப் பையும் கையுமாக அங்கேயே நின்று அழுதேன். மேல்வீட்டு நோர்வேக்காரக் கிழவர் சுகமில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

இன்று ஞாயிறு. இன்னும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது.

மேப்பிள் நீரைப் பாணியாய்க் காய்ச்சுகிற பைத்தியம் எங்களைப் பிடித்தது இரண்டாயிரத்து இரண்டில், சண்டை நின்று ஊருக்குப் பாதை திறந்த வருடம். ஒஸ்லோவில் எங்கள் புருசெத் பக்கத்துப் பாதிச் சனம் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போக ரிக்கற் விசாரித்துக்கொண்டிருந்தது. நீங்களும் நானும் போகவில்லை. பனி வழிக்கிற வண்டி உங்கள் மரத்தின் கிளையொன்றை முறித்துவிட்டுப் போக, முறிந்த இடத்தில் நீளமாய் ஒரு பனிக்கட்டி தொங்கியது. நீங்கள் அதை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, இனிக்கிறது என்று எனக்கும் ஒரு துண்டு நீட்டினீர்கள். ஐம்பது வயதில் மரத்தைச் சூப்பிக்கொண்டு நிற்கிறீர்களே, மகள் கண்டால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள் என்று நக்கலடித்தேன். அடுத்த நாளே எங்கேயோ ஒரு துளைகருவி இரவல் வாங்கி வந்துவிட்டீர்கள்.

நீங்கள் கோப்பை கழுவிய கன்ரீனில் எறிகிற மயோனைஸ் வாளிகள்தான் எங்களுக்குப் பானை. மரத்தில் இடுப்பளவு உயரத்தில், கொஞ்சம் மேல்நோக்கிச் சரித்து, இரண்டு விரல்மூட்டு ஆழத்துக்குத் துளை. அதில் ஒரு பிளாஸ்ரிக் குழாய், குழாயின் கீழே வாளி. இரவில் உறைந்து பகலில் உருகுகிற நாட்களில்தான் ஓடும். தண்ணீர் மாதிரி இருக்கும், வாயில் வைத்தால்தான் இனிப்புத் தெரியும். ஒரு வாளி முழுக்க வற்றினால் ஒரு தேநீர்க் குவளை தேறும். முதல் வருடம் குசினிக்குள் வைத்துக் காய்ச்சி, ஆவியில் சுவர்க் கடதாசி கழன்று உங்கள் தலையில் விழுந்தது. பிறகு சைக்கிள் கொட்டிலுக்கு முன்னால், கொண்டாட்டங்களுக்குச் சோறு அவிக்கிற பெரிய காஸ் அடுப்பை வைத்தோம். சனி ஞாயிறென்றால் கோட்டும் தொப்பியுமாய் இரண்டு பேரும் அடுப்பைக் காவல் காத்தோம்.

பதம் பார்ப்பதில் உங்களை அடிக்க ஆளில்லை. நான் வெப்பமானி வாங்குவோம் என்று ஆய்க்கினைப்படுத்தினேன். நீங்கள் அகப்பையைத் தூக்கிப் பிடிப்பீர்கள். சொட்டுச் சொட்டாய் விழுந்தது ஒன்றோடொன்று சேர்ந்து தகடாய் வழியும்போது அடுப்பை நிற்பாட்டுவீர்கள். அதற்கு முந்தினால் பாணி நீர்த்துவிடும், பிந்தினால் இறுகிவிடும். ஒருநாளும் பிழைத்ததில்லை. எங்கே பழகினீர்கள் என்று இரண்டு வருடம் கேட்டேன், இரண்டு வருடமும் சிரித்து மழுப்பினீர்கள்.

மூன்றாம் வருடம்தான் சொன்னீர்கள். அப்பா பனையேறிச் சீவுகிறவர். அவர் பதநீர் இறக்கிக்கொண்டு வர அம்மா காய்ச்சுவா, நீங்கள் ஏழு வயதிலிருந்து அம்மாவோடு அடுப்படியில் நின்றீர்கள். என்னைப் போன்றவர்களின் வீடுகளில் உங்கள் அப்பாவை முற்றம் தாண்ட விட்டதில்லை, தண்ணீர் கேட்டால் சிரட்டையில் ஊற்றினார்கள். இங்கே எங்கள் சனம் கேட்கிற கேள்வி உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று கேட்டு, மூன்றாம் கேள்வியில் ஆளின் சாதியைப் பிடித்துவிடுவார்கள். வன்னியில் வளர்ந்தோம் என்று சொல்லியே பத்து வருடமாய்த் தப்பியிருந்தீர்கள்.

"உமக்கு மட்டும்தான் சொல்லுறன். பிள்ளையின்ர கலியாண அலுவல் முடியுமட்டும் இது வெளியிலை வரக்கூடாது," என்றீர்கள்.

இதெல்லாம் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று பெரிய மனுசி மாதிரிச் சொன்னேன். பிறகு உங்கள் வீட்டில் தேநீர் தந்தீர்கள். எத்தனையோ முறை குடித்த அதே கோப்பை. அன்றைக்கு மட்டும் அதைத் தூக்குவதற்கு முன் என் கை கொஞ்சம் நின்றது. நீங்கள் கண்டீர்களோ தெரியாது. குடித்துவிட்டேன். ஆனாலும் நின்றது நின்றதுதான்.

கணவரைச் சண்டையில் பறிகொடுத்து அந்தப் பிள்ளையோடு மட்டும் வந்தவர் நீங்கள். அவள் தாதியாகி, கூடப் படித்த ரொம்சோஸ் பக்கத்துத் தமிழ்ப் பெடியன் ஒருவனை விரும்பி, அவனுடைய தாய் தகப்பனும் வந்து பார்த்துச் சம்மதித்தபோது உங்கள் கால் நிலத்தில் நிற்கவில்லை. வந்தவர்களுக்கு ஒரு போத்தல் பாணியும் கொடுத்துவிட்டீர்கள். நாள் வைப்பதுதான் பாக்கி. நாள் வைப்பதற்கு முதல் எங்கள் ஆட்கள் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். ஒரு சனிக்கிழமை காலை பெடியனின் தாய் எனக்கு ரெலிபோன் எடுத்தார். பிள்ளையின் குணத்தைக் கேட்டார், தங்கம் என்றேன். உங்களைக் கேட்டார், அதற்கும் நல்லதாய்த்தான் சொன்னேன். பிறகு பாணிக்கு வந்தார்.

"நல்ல பதமாய் இருந்தது. ஆரிட்டைப் பழகினவ?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"தகப்பன் இறக்கிக்கொண்டு வர, தாயோடை நிண்டு காய்ச்சிப் பழகினவ," என்றேன்.

அப்படியோ என்றார். பிறகு என் பிள்ளைகளைச் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். உங்கள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய், அக்கா. என் மகளுக்கு அந்த வருடம் பேசிவந்த இரண்டு கலியாணமும் முறிந்திருந்தன. உங்கள் பிள்ளைக்கு ஒரு கரைச்சலும் இல்லாமல் அமைந்தது எனக்குப் பொறுக்கவில்லை. என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன்.

நாலாம் நாள் சாதகம் பொருந்தவில்லை என்று அறிவித்தார்கள். பெடியனும் தாய்க்கு மேலே வாய் திறக்கவில்லை. உங்கள் பிள்ளை குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, இதைவிட நல்ல இடம் வரும் என்று ஆறுதல் சொன்னவள் நான்.

அடுத்த ஞாயிறு வழமைபோல அடுப்பு மூட்டினீர்கள். நுரையை வழித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

"நான் இதை இஞ்சை ஒராளுக்குத்தான் சொன்னனான்."

"நான் ஆரிட்டையும் கதைக்கேல்லை, அக்கா."

"ஓம்," என்றீர்கள்.

அவ்வளவுதான். பாணி ஆறியதும் ஆறு போத்தலில் ஊற்றி, வழமைபோல மூன்றை எனக்கென்று ஒதுக்கி, போத்தல் கழுத்துகளை ஈரத்துணியால் துடைத்துத் தந்தீர்கள். அடுத்த நாள் குழாய்களைக் கழற்றிவிட்டீர்கள். மரம் இன்னும் துளிர் விடவில்லை, இரண்டு கிழமைக்காவது நீர் ஓடியிருக்கும். அடுத்த வருடம் துளைகருவியை எடுக்கவேயில்லை. கேட்டதற்கு முழங்கால் நோகுது என்றீர்கள். பிள்ளை வேலை மாற்றிக்கொண்டு வடக்கே துரொண்ட்ஹைம் நகரத்துக்குப் போனாள். அதற்கடுத்த தை மாதம் நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள்.

அவள் ஞாயிறுதோறும் எனக்கு ரெலிபோன் எடுப்பாள். அம்மாவுக்குப் பிறகு ஒஸ்லோவில் அவளுக்கு நான்தான் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். இன்றைக்கும் எடுத்தாள். மரத்தைத் தறித்துவிட்டார்கள் என்று தொடங்கினேன். அது எப்படி மற்றதற்குப் போனதென்று தெரியாது, முழுவதையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ரெலிபோன், பாணி, நான் சொன்ன வசனம், கொட்டிலடியில் உங்களுக்குச் சொன்ன பொய் வரைக்கும்.

"எனக்குத் தெரியும், அன்ரி," என்றாள். குரலில் கோபமே இல்லை. "அம்மா அப்பவே சொன்னவ. உங்களிட்டைக் கேக்கக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. நீங்களாச் சொல்லுவீங்களெண்டு கடைசிமட்டும் பாத்துக்கொண்டிருந்தவ. அதுக்குப் பிறகு நான் பாத்தன்."

பிறகு, இனி ஞாயிறுகளில் ரெலிபோன் எடுக்க மாட்டேன் என்று சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் வைத்ததிலிருந்து, நீங்கள் கடைசியாய்க் கிடந்த ஆஸ்பத்திரிதான் நினைவில் நிற்கிறது. கடைசி ஒரு மாதம் வேலை முடிய நேரே உங்களிடம்தான் வந்தேன். உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றினேன், காலைத் தேய்த்துவிட்டேன். எத்தனை பாகைக் குளிர், ரயில் எத்தனை நிமிடம் பிந்தியது, கடையில் என்ன மீன் வந்தது என்று ஓயாமல் கதைத்தேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள்.

"வேறை என்ன?"

களைத்துவிட்டீர்கள், என்னைப் போகச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு கோட்டை எடுத்துப் போடுவேன். வேறை ஒண்டுமில்லை, அக்கா என்பேன். அந்த மாதம் முழுக்க, ஒருநாள் தவறாமல், நீங்கள் கேட்டீர்கள். ஒருநாள் தவறாமல் நானும் அதையே சொன்னேன்.