மலிவு வில்லும் விலை கூடிய வில்லும்

ஆரணனின் அப்பாவுக்கு,

உங்களுக்குக் கையால் செதுக்கிய விலை கூடிய வேட்டை வில் வாங்கினீர்கள். எனக்கு மலிவு வில்லைத் தந்து, "பொம்பிளைக்கு இது காணும்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊஸ்டர் காட்டில் நடந்த அம்பெய்யும் போட்டியில் உங்கள் மூன்று அம்புகளும் குறியாக வைத்த ரப்பர் மானைத் தாண்டிப் போயின. என்னுடைய மூன்றும் அதன் நெஞ்சில் தைத்தன. எல்லாரும் கைதட்டினார்கள். "அது வில்லின்ரை விசேஷம்" என்று என் வில்லை வாங்கிக்கொண்டு உங்களுடையதை என்னிடம் தந்தீர்கள். மலிவு வில் கையில் உதறும், உங்களுடையது உதறாது. வேறு வித்தியாசம் இல்லை. மாற்றியும் நீங்கள் தவறினீர்கள், நான் தவறவில்லை.

வீட்டுக்கு வந்து என் வில்லை முழங்காலில் வைத்து முறித்தீர்கள். அதோடு நிறுத்தவில்லை.

வைத்தியரிடம், நாண் பட்டுத்தான் கை வீங்கியது என்று பொய் சொன்னேன். இன்று காலை திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஆரணன் என்னோடு இருக்கிறான். தேடி வராதீர்கள்.

இப்படிக்கு,
இதுவரை பொறுத்தவள்