மாத்திரை டப்பாவில் உன் பெயர்

செத்துப்போனவளின் பெயரை மாத்திரை டப்பாவில் அச்சடித்து விற்கிறவனை யார் போய்க் கேட்பது? உன் அம்மாவா, நீ வேலை பார்த்த ஆய்வுக்கூடமா, நானா? டப்பா என் மேசைமேல் இருக்கிறது. கறுப்பில் தங்க எழுத்து, பாய்கிற குதிரை ஒன்று. அதன் காலடியில், "சென்னைப் பெண் விஞ்ஞானியின் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டு உன் முழுப் பெயர், டாக்டர் பட்டத்தோடு.

மந்தைவெளியில் நான் வழக்கமாகப் பிரஷர் மாத்திரை வாங்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். உன் பெயரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிறகு படித்தேன். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, குழந்தையின்மை, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே டப்பா. நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கடைக்காரர் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டார்.

"சூப்பரா போய்க்கினு கீது மேடம். உங்க தம்பி கூட மாசாமாசம் வாங்கினு போறாரு."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தி. நகர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த லாட்ஜ் வைத்தியர் நோட்டீசை நீ சத்தமாகப் படித்தது ஞாபகம் வந்தது. எந்தெந்தக் கிழமை எந்தெந்த லாட்ஜில் தங்குவார் என்பது வரைக்கும் படித்தாய். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாலடி தள்ளிப் போய் நின்றேன். "ஏய், எங்கடி ஓடுற? இவர்தான் என் போட்டியாளர். எனக்கு எலி, இவருக்கு மனுஷன்" என்று சிரித்தாய்.

உன் ஆய்வு எலிகளின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தவள் நான். அதனால் நீ என்ன கண்டுபிடித்தாய், என்ன கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அடிவயிற்றில் அறுவை நடக்கும்போதோ, இடுப்பெலும்பு நொறுங்கும்போதோ ஆணுறுப்புக்குப் போகிற மெல்லிய நரம்புகள் நசுங்கிவிடுகின்றன. அவை முழுக்கச் செத்துப்போகாமல் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தாய். ஒரு செடியிலிருந்து பிரித்த பொருளை, நரம்பு நசுங்கிய அன்றே, எலிகளுக்குக் கொடுத்தாய். கொஞ்சம் பலன் தெரிந்தது. "எலிக்குக் கொஞ்சம் நல்லது. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது" என்று கட்டுரையின் கடைசிப் பத்தியை அடித்து அடித்துச் சின்னதாக்கினாய். எதையும் எளிதில் நம்பாத எனக்கே அது கஞ்சத்தனமாகப் பட்டது.

அந்தக் கருத்தரங்கமும் மறக்கவில்லை. அழைப்பிதழில் உன் தலைப்பைப் பாதியாக வெட்டி, "நரம்புப் பாதுகாப்பு" என்று மட்டும் போட்டிருந்தார்கள். மாணவிகள் வருவார்களாம், சங்கடமாம். நீ மேடையேறி, "விட்டுப்போனதை நான் படிச்சிடறேன்" என்று ஆணுறுப்பு, விறைப்பு, விந்து என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாய். முன்வரிசையில் ஒரு பேராசிரியர் செல்போனைத் தேட ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரத்தில் உன் முதுகுக்குப் பின்னால் அவர் அடித்த ஜோக் எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. "சிரிக்கட்டும். அவருக்கு ஒருநாள் ஆபரேஷன் ஆனா என்னைத்தான் தேடுவார்" என்று தட்டில் இன்னொரு வடை வைத்துக்கொண்டாய்.

டப்பாவில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "அவங்க இறந்துட்டாங்கன்னு தெரியும் மேடம். அவங்களுக்கு மரியாதை பண்றதுக்காகத்தான் பேரு போட்டிருக்கோம்" என்றாள். எலியைப் பற்றிக் கேட்டேன். லைனை மாற்றிவிடுவதாகச் சொன்னாள். பாட்டு ஓடியது, பிறகு அதுவும் நின்றுபோனது.

தம்பி முரளியின் விபத்து உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி இடித்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. தேறி எழுந்து நடந்துவிட்டான், அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவனும் மனைவி லதாவும் குழந்தைக்குக் காத்திருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்டதில்லை. அக்காவும் தம்பியும் பேசுகிற விஷயமா இது? மாத்திரை வாங்கிய அன்று சாயங்காலமே ராஜா அண்ணாமலைபுரத்தில் அவன் வீட்டு மொட்டை மாடிக்குப் போய் டப்பாவை அவன் முன் நீட்டினேன்.

"அக்கா, இதெல்லாம் நீ பேசாத."

"பின்ன யார்டா பேசுறது? மெடிக்கல் கடைக்காரர் ஊருக்கே பேசிட்டிருக்கார்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி சொன்னான். "ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட கேட்டேன்க்கா. 'உயிரு பொழச்சீங்க, நடக்கறீங்க, இப்ப போய் இதையா கேக்கறீங்க'ன்னார். கூட இருந்த ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் யாரையும் கேக்கல."

"அதுக்காக இந்தக் குதிரையை வாங்கித் தின்னுவியா?"

"குதிரையை யாரு பாத்தா? உன் ஃப்ரெண்ட் பேரு போட்டிருந்துச்சு. அவங்க பொய் சொல்ல மாட்டாங்களே."

கிறிஸ்துமஸுக்கு உன் சாந்தோம் வீட்டில் சாப்பிட்டவன், உன்னைப் பலமுறை பைக்கில் கொண்டுவந்து விட்டவன். இவனைப் போன்றவர்களுக்கு உன் எலிகளைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நீ ஒவ்வொரு சொல்லையும் அளந்தாய். அந்த நேர்மையையே ஒருவன் டப்பாவில் அடைத்து விற்கிறான். அந்த டப்பாவை முரளியின் கைக்குத் தள்ளிவிட்டது, கேட்டவனைப் பார்த்துச் சிரித்த ஓர் அறை. இரண்டில் எது பெரிய அயோக்கியத்தனம் என்று கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

நீ கொடுத்தது காயம் பட்ட அன்றே, அதுவும் எலிக்கு என்று அவனிடம் விளக்கினேன். இவ்வளவு மாதம் வீணாய்ப் போயிற்று, இதற்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள், நாளைக்கே போகலாம் என்றேன். ஆணுறுப்பு என்ற சொல்லை என் தம்பியிடம் சொன்னேன். உன் துணிச்சல் எனக்கு வரவில்லை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். உன்னிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது உன் கோபம் மட்டும்தான். அதை விடுவதாக இல்லை.

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். காலையில் முரளி போன் செய்து, பட்டறையில் வேலை இருக்கிறது, வரவில்லை என்றான். நான் மட்டும் அடையாறில் ஒரு மருத்துவமனைக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். டோக்கன் நெருங்கும்போது லதா அவனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். உள்ளே போனதும் நர்ஸ் அவளிடம், "லேடீஸ் வெளிய இருங்கம்மா" என்றார். "இல்ல சிஸ்டர், நானும்தான் கேக்கணும்" என்று அவள் நகரவில்லை. கதவைச் சாத்தினார்கள்.

வெகுநேரம் கழித்து வந்தார்கள். முழுக்கச் சரியாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. கொஞ்சம் மீளலாம், மீளாமலும் போகலாம், டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாராம். மீளாவிட்டாலும் குழந்தைக்கு வேறு வழிகள் உண்டு என்றாராம். லதாவின் கண் சிவந்திருந்தது. ஆனால் நடையில் அவசரம் இல்லை.

கிளம்பும்போது, வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த வயதான ஒருவர் முரளியின் கையைத் தொட்டு, "உள்ள இன்னாப்பா கேக்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். முரளி எங்களைப் போகச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.