பம்பு இருக்கும் பக்கம்

பிப்ரவரி 3

தங்கைக்கு,

இங்கே நலம். உன் கல்யாணத்துக்கும் வராத அண்ணன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு எப்போதும் வராது.

ரயில் அருங்காட்சியகத்தில், அப்பா ரயில் ஓட்டிய துறைமுகக் கம்பெனியின் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தத்துக்கு ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். கடைசிவரை வேலைக்குப் போகாமல் நின்ற முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரையும் பித்தளைப் பலகையில் வெட்டப் போகிறார்கள். அதில் அப்பா பெயர் இல்லை. முப்பதாம் நாள் துறைமுகத்திலிருந்து ஒரே ஒரு சரக்கு ரயில் கிளம்பியது, அதை ஓட்டியவர் அப்பா என்று ஊரே சொன்னது. முதலில் சொன்ன வாய் சங்கத் தலைவராக இருந்த உன் மாமனாருடையது.

அது பொய். அந்த நாட்களில் பலர் வேறு கம்பெனிகளுக்குப் போய் வயிறு கழுவினார்கள். அப்பா காட்டு மரம் ஏற்றும் மரக் கம்பெனிக்கு இஞ்சின் ஓட்டப் போயிருந்தார். அம்மாவின் பெட்டியிலிருந்த படமே சாட்சி. இஞ்சின் படியில் அப்பா நிற்கிறார், பின்பக்கம் அவர் கையெழுத்தில் தேதி. அதே முப்பதாம் நாள். இஞ்சினின் எண் பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டு கம்பெனியும் ஒரே பட்டறையில் ஒரே மாதிரி இஞ்சின் வாங்கியவை. ஆனால் பிரேக்குக்குக் காற்றடிக்கும் பம்பைத் துறைமுகக் கம்பெனி இடப்பக்கம் பொருத்தியது, மரக் கம்பெனி வலப்பக்கம். படத்தில் பம்பு வலப்பக்கம் இருக்கிறது.

அசல் படம் உன்னிடம் இருக்கிறது, நகல்தான் என்னிடம். அருங்காட்சியகத்தாருக்கு அசலும் பிள்ளைகள் இருவரின் கையெழுத்தும் வேண்டும். படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் 15 கடைசி நாள்.

அண்ணன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அண்ணிக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்துபோய்ப் பிரித்தேன். முதல் வரியில் நலம், இரண்டாம் வரியில் காரியம். நீங்கள் மாறவே இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால்தான் படியேற விடுவதில்லை. அவர் தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு அண்ணி மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க அண்ணனுக்கு உடம்பு முடியல" என்றார். அண்ணிக்குப் பொய் சொல்லவே தெரியாது, பாவம்.

பலகையில் அப்பா பெயர் வந்தால் உங்களைவிட எனக்குத்தான் சந்தோஷம். அந்த வீட்டில் நாற்பது வருடம் மருமகளாக இருந்தவள் நான். யாரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா பேச்சு வந்தால் பேசுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எண்ணே இல்லாத இஞ்சினின் சொந்தக்காரரை ஒரு பம்பை வைத்து மட்டும் சொல்ல முடியுமா? கோபப்படாதீர்கள். கையெழுத்துப் போடுகிறவள் பார்த்துத்தானே போட வேண்டும்?

அன்புடன்,
தங்கை

*

பிப்ரவரி 16

தங்கைக்கு,

கேள்வி கேட்கிறாய். கேள்.

பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தில் ஒருவன் என்னைக் "கருங்காலி மவனே" என்றான். அவனுக்கு மூக்கு உடைந்தது, எனக்குப் பல் போனது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். அந்த வாரம்தான் பெட்டியில் இந்தப் படத்தைக் கண்டேன். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் போகவில்லை. இஞ்சினைப் படித்தேன். புகைபோக்கியின் விளிம்பு, விளக்கின் இடம், சக்கரத்தின் ஆரங்கள், எல்லாம் இந்த ஒரு படத்துக்காக. வழியில் இரண்டாயிரம் படங்களுக்கு மேல் அடையாளம் சொல்லிவிட்டேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் எனக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். எல்லாவற்றின் கீழேயும் 'அடையாளம் சொன்னவர்' என்று என் பெயர் இருக்கிறது.

"இந்த இஞ்சின்ல ஒண்ணையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க, சமைச்சுப் போடாதுங்கிறது ஒண்ணுதான் குறை" என்கிறாள் உன் அண்ணி. சொல்லட்டும். இஞ்சின் பொய் சொல்லாது. மனிதர்கள்தான் சொல்வார்கள்.

என் நல்ல லென்ஸை இத்துடன் அனுப்புகிறேன். நீயே பார். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

அண்ணன்

*

பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

லென்ஸ் உடையாமல் வந்தது. ஜன்னலோரம் நாற்காலி போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில்தான் பம்பு இருக்கிறது. எனக்கு அதில் என்ன தெரியும்? அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பியைப் பிடித்திருக்கும் கையில் சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் இல்லை. பெட்டிகளை இணைக்கும்போது நசுங்கிப்போன அதே விரல்கள். ஆனால் படத்தில் அது வலது கை.

அண்ணா, அப்பாவுக்கு விரல் போனது இடது கையில்.

மனது கேட்காமல் எங்கள் தெரு ஸ்டூடியோக்காரரிடம் எடுத்துப் போனேன். "கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வெச்சு பிரிண்ட் போட்டா இப்படித்தாம்மா வரும். எழுத்தோ நம்பரோ இருந்திருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றார்.

கை பக்கம் மாறியிருந்தால் பம்பும் மாறியிருக்கும் அல்லவா? நான் சொல்வது தவறு என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

தங்கை

*

மார்ச் 1

உனக்கு,

பம்புக்கும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாதவள் எனக்குப் பாடம் நடத்துகிறாய். இது நீ பேசவில்லை. உன் மாமனார் செத்த பிறகும் உன் வாயால் பேசுகிறார். அந்த வீட்டுச் சோறு பேசுகிறது.

அப்பாவுக்கு அடிபட்டது வலது கையில்தான்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லையென்றால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை. பாதி ஆயுள் அப்படித்தானே இருந்தேன், மீதியும் இருந்துகொள்வேன்.

*

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அசல் படத்தையும் பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். இனி அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் பொறுப்பு. ஒரு படத்துக்காக இன்னொரு முறை அண்ணனை இழக்க என்னால் ஆகாது.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு எட்டு வயது, எனக்கு ஐந்து. அப்பா நம்மைக் கடைத்தெருவில் ரோட்டைக் கடக்க வைப்பார். என்னை வலது கையில் பிடிப்பார், உங்களை இடது கையில். "எனக்கு மட்டும் ஏன் மூணு விரல்?" என்று நடுரோட்டில் நின்று அழுவீர்கள். "மூணே போதும்டா, உன்னை விட்டுற மாட்டேன்" என்பார்.

அன்று அவர் ஏன் ஓட்டினார் என்று எனக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் மறைக்க நினைத்தவர் தேதியை எழுதி வைத்திருப்பாரா அண்ணா?

தங்கை

*

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று விரல்தான். இடது கைதான்.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் அசலைத் தொடவில்லை. நேற்று எடுத்துப்போய்ச் சவரக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். பம்பு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது. புகைபோக்கியில் புகை, நீராவி ஏறிய துறைமுகக் கம்பெனி இஞ்சின். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த உன் அண்ணி, "இப்பதாங்க மாமா மாமா மாதிரி இருக்கார். இத்தனை நாளா வகிடு அந்தப் பக்கம் இருந்து யாரோ மாதிரி தெரிஞ்சுது" என்றாள். வேறு யாருடைய படமாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது வகிடும் பொத்தானும்தான். இதில் பம்பை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

உன் வீட்டாரிடம் நான் தோற்கவில்லை. பதினான்கு வயதுப் பையன் நிற்கும்போது அவன் தகப்பனைக் கருங்காலி என்று சொன்ன உன் மாமனாருக்கு என்னிடம் இன்னும் மன்னிப்பு இல்லை. மாப்பிள்ளை போனபோது நான் வராதது வேறு. அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம்.

உன் பழைய படிவத்தைக் கிழித்துவிட்டேன். பித்தளைப் பலகையில் அப்பா பெயர் வேண்டாம். படத்தைச் சரியாகத் திருப்பி அதே சுவரில் மாட்டச் சொல்லி இன்று காலை நேரில் போய்க் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். புதுப் படிவத்தில் நான் போட்டுவிட்டேன். நீயும் போட்டு நேராக அவர்களுக்கே அனுப்பு. படத்தின் கீழே வரப்போவது இது:

"துறைமுகக் கம்பெனி இஞ்சின். வேலைநிறுத்தத்தின் முப்பதாம் நாள். ஓட்டியவர், படியில் நிற்பவர். அடையாளம் சொன்னவர், அவர் மகள்."

திறப்பு நாளில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். யாராவது ஏன் ஓட்டினார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நீ வந்து கூட நில். படி அதிகமில்லை, விசாரித்துவிட்டேன்.

லென்ஸைத் திருப்பி அனுப்பாதே.

உன் அண்ணன்