பனி முடியும்வரை வீட்டைக் கேட்கக் கூடாதாம், ராணி

என் வயிற்றில் முதலும் கடைசியுமாகப் பிறந்த என் ராணிக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் மகள் தர்ஷினிதான் எழுதச் சொன்னாள். "அம்மாச்சி, மனசுல இருக்கறத அம்மாவுக்கு எழுதுங்க. நான் அத நாலு பேரு படிக்கிற எடத்துல போடறேன்" என்றாள். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத எனக்கு என்ன தெரியும்? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் உன் மகளே திருத்திக்கொள்ளட்டும். அடுத்தவர் எழுதினதில் ஓட்டை தேடுகிற படிப்புதானே படிக்கிறாள்.

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. நம் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. பனிக்காலத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனால் விரல் மரத்துப்போகும் இல்லையா? கிள்ளினது கொழுந்தா, முற்றின இலையா என்று தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டே இருப்போமே. நான் இப்போது முழுசாக அப்படித்தான் இருக்கிறேன். சோறு பொங்குகிறேன். கோழியை அடைக்கிறேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் பயப்படுகிறாள். "அக்கா, ஒரு தடவ வாய்விட்டு அழுதுரு" என்கிறாள். வரும்போது வரட்டும் என்றேன். வருமா ராணி?

நீ மழைக் காய்ச்சல் என்று படுத்தாய். குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது உன்னைப் படுக்க வைத்துத்தான் கொண்டுவந்தோம். உன் மகளுக்குச் சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? சொன்னோம். அவள் பிரான்ஸ் நாட்டுக்குப் போன புதுசு. அங்கே தங்குவதற்கான பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை. இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா, மாட்டார்களா என்று அவள் காலேஜில் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லையாம். சட்டம் சொல்லிக்கொடுக்கிற காலேஜ்! பாக்கியத்தின் மகன் போனைத் தூக்கிப் பிடித்தான். உன்னை மண்ணில் வைக்கிறதை உன் பிள்ளை அதில்தான் பார்த்தாள். மழை போன் மேலே விழுந்துகொண்டே இருந்தது. அவள் "தொடச்சிவிடுங்க, தொடச்சிவிடுங்க" என்று கத்தினது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, அதை விடு. அவள் படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். நீ அதைக் கேட்கத்தான் ஆசைப்படுவாய்.

பிரான்ஸ் நாட்டுச் சட்டமும், அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து போட்டுக்கொண்ட ஐரோப்பாச் சட்டமும் படிக்கிறாள். பாடம் நடப்பது இங்கிலீஷில். அவள் வகுப்பில் எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ இருக்கிறார்களாம். எல்லாருக்கும் பொதுவான பேச்சு அது ஒன்றுதான். வாத்தியார்களுக்கே அது சொந்தப் பேச்சு இல்லையாம், மூக்கால் பேசுவார்களாம். தண்ணீர்க் குழாயடியில் நான் இதைச் சொன்னதும் பாக்கியம் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இரு இரு. சட்டம் பிரான்ஸ்காரனோடது. பேச்சு இங்கிலீஷ்காரனோடது. படிக்கிறது நம்ம புள்ள. நடுவுல தமிழுக்கு என்ன வேல?"

"எங்கிட்ட போன்ல சண்ட போடறதுக்கு" என்றேன். நீ போன பிறகு லயத்தில் எல்லாரும் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் தர்ஷினிக்குத் தலைவலி. மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இவளுக்குப் பிரெஞ்சு நாலு வார்த்தைதான். "அம்மாச்சி, ஒருத்தர் பேச்சு மாறினா அவர எந்தக் கோர்ட்டுல எப்படி நிறுத்தணும்னு இந்த நாட்டுச் சட்டத்துல எனக்குத் தெரியும். தலவலி மாத்திர கேக்கத்தான் தெரியல" என்றாள். தலையைப் பிடித்துக் காட்டி வாங்கினாளாம்.

இன்னொரு பாடமும் சொன்னாள். அந்த நாடுகளில் ஒரு நாட்டுக்காரன் வேலை தேடி இன்னொரு நாட்டுக்குப் போகலாமாம். போன இடத்தில் அந்த ஊர்க்காரனைப் போலவே அவனையும் நடத்த வேண்டுமாம். உன் ஆட்கள் இங்கே தேவையில்லை என்று சும்மா கப்பலேற்றி அனுப்ப முடியாதாம். "இதத்தான் அம்மாச்சி பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன்" என்றாள். சிலோனில் நான் பிறந்த தோட்டத்தில் என் கையாலேயே தேயிலை நட்டிருக்கிறேன். சிலோன் கவர்மெண்டும் இந்தியா கவர்மெண்டும் பேசி முடித்து எங்களை அனுப்பின அன்றைக்கு நீ கைக்குழந்தை. கப்பலில் என் மடியில் தூங்கினாய். மண்டபம் கேம்ப்பில் ஒருத்தர் நம் பேரையெல்லாம் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, இங்கிலீஷில் எழுதினார். அதில் என்ன இருந்ததோ அதுதான் நடந்தது. இந்த மலைக்கு வந்தோம்.

நான் ஒரு கூத்துப் பண்ணினேன், அது உனக்கு இதிலிருந்துதான் புரியும். முதலில் இருந்து சொல்கிறேன்.

உன் கருமாதி முடிந்து ஆபீஸில் கூப்பிட்டார்கள். உனக்குத் தெரியாத வழக்கமா? வீடு தோட்டத்துடையது. செக்ரோலில், அந்த வேலையாள் பதிவுப் புத்தகத்தில், பேர் இருக்கிறவருக்குத்தான் வீடு. நான் வேலையிலிருந்து நின்ற பிறகு உன் பேரில்தான் நாம் இருந்தோம். கிளார்க் தம்பி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"ஏனுங்க பாட்டி, ராணியக்கா பேரை எடுத்தாச்சுங்க. வாரிசு பேரு ஒண்ணு குடுத்தா வீடு நிக்கும். இல்லீன்னா காலி பண்ணோணும். பேத்தி இருக்குதுங்களே?"

"அது படிக்குது தம்பி."

"வந்து கொஞ்ச நாள் வேலைக்கு நின்னு பேரைப் பதிஞ்சுட்டுப் போகட்டுங்க. நம்மூட்டுப் புள்ளைங்க எல்லாம் அப்படித்தானுங்களே பண்ணுது."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தர்ஷினியிடம் மூச்சு விடவில்லை. பாக்கியம் விட்டுவிட்டாள். உடனே போன் வந்துவிட்டது.

"அம்மாச்சி, நான் வந்துர்றேன். பேர் போட்டுட்டு வீட்ட நிறுத்திட்டு அப்பறமா பாத்துக்கலாம்."

"பரீட்ச?"

"அடுத்த வருசம் எழுதறேன்."

"அடுத்த வருசம் ஒனக்கு அங்க சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கிறது யாரு? இந்த ஒரு வருசத்துக்குத்தான பணம் குடுத்து ஒன்ன எடுத்தாங்க?"

"அப்ப நீங்க எங்க போவீங்க? இந்தப் பனியில? எங்க போவீங்க சொல்லுங்க?" கோபம் வந்தால் அவளுக்கு உன் குரல்தான். "இங்கயெல்லாம் குளிர் காலத்துல யாரையும் வீட்டவிட்டுத் தொரத்த முடியாது, தெரியுமா? நவம்பர் மாசத்துலேர்ந்து மார்ச்சு முடியிற வரைக்கும். கோர்ட்டே காலி பண்ணச் சொல்லியிருந்தாலும் பனி முடியணும். சட்டமே இருக்கு!"

"சட்டமா? நீ அதப் படிச்சியா?"

"போன வாரந்தான் கிளாஸ்ல நடத்துனாங்க."

"இங்கிலீஷ்லதான?"

"இங்கிலீஷ்லதான் அம்மாச்சி, எங்களுக்கு எல்லாமே."

மறுநாள் காலையில் நீ பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

சிரிக்காதே ராணி. நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். போர்டில் இங்கிலீஷில் ஒட்டியிருந்தால் அது சட்டம். நமக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நமக்குச் சேர்த்துத்தான். அங்கேயிருந்து அனுப்பினதும் அப்படி, இங்கே வேலையைப் பாதியாகக் குறைத்ததும் அப்படி. இங்கிலீஷில் இருக்கிற ஒரு சட்டம் முதல் தடவையாக நம்ம பக்கம் பேசுகிறது என்றால் அதைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டாமா?

"பனி முடியிற வரைக்கும் வீட்டக் கேக்கக் கூடாதாம் தம்பி. மார்ச்சு முடியட்டும். சட்டம் இருக்குது" என்றேன்.

கிளார்க் பேனாவை வைத்தான். "என்ன சட்டமுங்க?"

"இங்கிலீஷ் சட்டம். எம் பேத்தி படிக்குது."

"எந்த ஊருல படிக்குதுங்க?"

"பிரான்ஸ்ல."

அவன் மேஜை மேலே கவிழ்ந்துகொண்டு சிரித்தான். "பாட்டி, பிரான்சு சட்டம் கோத்தகிரி ரோட்டுக்கு வராதுங்க!" பக்கத்தில் நின்ற டிரைவரும் சிரித்தான். எனக்குக் கூச்சம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். போன வருஷம் வந்தாரே, கண்ணாடி போட்டவர், அவர்தான். என்ன என்று கேட்டார். நான் முதலில் இருந்து மறுபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பாட்டி, அந்தச் சட்டத்துல மேனேஜர் பங்களாவும் சேருமான்னு உங்க பேத்திகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். அவர் அறைக்குள் அட்டைப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி அடுக்கியிருந்தது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போய் எத்தனை காலம் ஆகிறது. பேக்டரியை மூடப் போகிறார்களாம். தோட்டத்தை விற்கிறதற்கு ஆள் தேடுகிறார்கள். அவரையும் மாசக் கடைசிக்குள் போகச் சொல்லிவிட்டார்கள்.

"உள்ள வாங்க" என்று கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன்.

"பேர் சேக்கற அதிகாரம் இந்த மாசம் முடியிற வரைக்கும் எங்கிட்டதான் இருக்கு. உங்க பேத்தி வரவே வேணாம். இன்னிக்கே பேர எழுதிடறேன், வேலைக்கு நிக்கிற மாதிரி. நாளைக்கு யாரு வாங்கினாலும் வாரிசு பேரு இருக்கற வீட்டச் சட்டுனு தொட மாட்டாங்க. எழுதட்டுமா?"

நல்ல மனுஷன் ராணி. மனசிலிருந்துதான் கேட்டார். கிளார்க்கும் செக்ரோலை எடுத்து வைத்துவிட்டான். பேர் என்ன பாட்டி, தர்ஷினியா, இனிஷியல் என்ன என்று கேட்கிறான்.

எனக்கு இந்த வீடு தெரியும். நீ அடுப்புக்கு மேலே அடித்த பச்சைப் பெயிண்ட் தெரியும். லயத்துக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் நீ இருக்கிற இடம் தெரியும். வாசலில் நின்றால் அது தெரிகிறது. நான் வேறு எங்கே போய் நிற்பேன்?

ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். லீவு நாளில் மற்ற பிள்ளைகள் தாயோடு கொழுந்துக்குப் போகும். நீ இவளை மட்டும் ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒரு தடவை என் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு விளையாட்டுக்கு நின்றாள். நீ ஓடி வந்து பிடுங்கி எறிந்தாய். "எம் பேரு செக்ரோல்ல இருக்கறது போதும்" என்று என்னிடம் சண்டை போட்டாய்.

அதுவும் இல்லாமல், சட்டம் படிக்கிற பிள்ளை. நிற்காத வேலையில் நிற்கிறாள் என்று அவள் பேரைப் பொய்யாக எழுதுவதா?

"வேணாங்க தொரை" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க பாட்டி. வீடு போயிரும்."

"போகட்டுங்க."

கிளார்க் செக்ரோலை மூடினான். சிரித்தவன் இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேனேஜர் வாசல் வரைக்கும் வந்தார். "மார்ச்சு வரைக்கும் இருங்க. உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கறதுக்கு இங்க யாரும் இருக்க மாட்டோம்" என்றார்.

இறங்கி நடந்து வந்தேன். மேலே லயத்தில் ஆள் போன வீடுகளில் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற சத்தம் மலை முழுக்கக் கேட்டது. நான் செய்தது சரியா ராணி? கேட்பதற்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரான்ஸ் சட்டத்தை ஆபீஸில் சொன்னேன் என்றதும் முதலில் சிரித்தாள். "அம்மாச்சி, நீங்க எனக்கு முன்னாடி வக்கீலாயிட்டீங்க!" என்று சிரித்து, சிரித்து, அது எங்கேயோ போய் அழுகையாகிவிட்டது. அவள் பேர் வேணாங்க என்று சொன்னதையும் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். நான் போனைக் காதில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சேர்த்து அவளே அழுகிறாள் என்று தோன்றியது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, நான் படிக்கப் போறேன்" என்று வைத்துவிட்டாள்.

அதுதான் எனக்கு வேண்டியது.

பனி முடிந்ததும் பாக்கியத்தோடு கோத்தகிரிக்குப் போகிறேன். அவள் தம்பி வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் இருக்கிறதாம். கோழியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வந்தால் உன்னிடத்துக்கு வந்து போகிற தூரம்தான். புதுசாகத் தோட்டத்தை வாங்குகிறவன் கேட்டால், மகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அதற்கு என்ன சட்டம் இருக்கிறதோ.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் கண்ணு. இந்தத் தோட்டத்து ஆபீஸில் உன் மகள் பேர் ஏறாது. நம் பேரை யார் யாரோ எழுதினார்கள். அவள் பேரை அவளே பரீட்சைப் பேப்பரில் எழுதிக்கொள்ளட்டும். எழுதி முடித்து அவள் வந்ததும் நேராக உன் தலைமாட்டுக்குத்தான் கூட்டிவருவேன். உட்கார வைத்து, பனிக்காலத்தில் வீட்டைக் கேட்கக் கூடாது என்கிற அந்தச் சட்டத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் சொல்லச் சொல்வேன். இங்கிலீஷில் இல்லை. நம்ம பேச்சில்.

உன்னைக் கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த,
உன் அம்மா,
தர்ஷினியின் அம்மாச்சி
அழகம்மா